மதுரைக்கு வந்த விமானம் திருச்சியில் இறங்கியது: குற்றம் ஓடுதளத்தின் மீதா?

(வாசகர் விவாதம். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வைகைக்கரை

செவ்வாய்க்கிழமை, தங்கையின் வளைகாப்பு முடிந்து, சென்னையிலிருந்து மாலை விமானத்தில் அம்மாவை மதுரைக்கு அழைத்து வந்தேன். அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய். இரவு எட்டரைக்குள் ஊசி போட்டுச் சாப்பிட்டாக வேண்டும். ஏழரைக்கு மதுரையில் இறங்கினால் எட்டேகாலுக்கு வீடு என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மதுரைக்கு மேலே மூன்று முறை வட்டமடித்தார்கள். ஜன்னல் வழியே மேற்குப் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. பிறகு திருச்சிக்குப் போகிறோம் என்று விமானி அறிவித்தார். எட்டரை மணிக்குத் திருச்சியில் இறங்கினோம். ஆனால் இறங்கியது விமானம்தான், நாங்கள் இல்லை. "இன்னும் இருபது நிமிடம்" என்று மூன்று முறை சொன்னார்கள். பத்தரை மணி வரை இருக்கையிலேயே உட்கார வைத்தார்கள். கொடுத்தது ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர், ஒரு சிறிய கடலைப் பொட்டலம். வளைகாப்பு வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரை கைப்பையில் இருந்ததால் அம்மா தப்பித்தார். தலைக்கு மேலிருந்த சின்ன விளக்கு வெளிச்சத்தில், வாழை இலையை மடியில் விரித்து, பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று கூசிக்கூசி அவர் சாப்பிட்டதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது. நள்ளிரவுக்கு மேல் பஸ் வந்தது. வீடு சேரும்போது மணி மூன்று.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் தனியாகப் போயிருக்கிறது. என் கேள்வி வேறு. மதுரை ஓடுதளம் இன்னும் 7,500 அடி. அதை 12,500 அடியாக்கும் திட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று இத்தனை மாவட்டங்களுக்கும் பொதுவான விமான நிலையத்தில் ஒரு மழைக்கு விமானம் இறங்க முடியவில்லை என்றால் பயணிகள் எப்படிப் பெருகுவார்கள்? நீட்டிப்பு முடிந்திருந்தால் அன்று நாங்கள் மதுரையிலேயே இறங்கியிருப்போம்.

ஓய்வுபெற்ற கோபுரம்

அம்மா நலமாக இருக்கிறார் அல்லவா? அதை முதலில் எழுதுங்கள்.

31 ஆண்டுகள் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் வேலை பார்த்தவன் நான். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கடைசி வரி தவறு, அதைத் திருத்தாமல் விட்டால் ஊர் முழுவதும் அதையே நம்பிவிடும்.

இடிமழையில் விமானத்தைத் திருப்பிவிடுவதற்கும் ஓடுதளத்தின் நீளத்திற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. நீளம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட பிறகு உதவும் சமாசாரம். இடிமேகத்தின் ஆபத்து தொடுவதற்கு முன்னால் இருக்கிறது. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று அருவிபோல் கீழே கொட்டித் தரையில் மோதி நான்கு பக்கமும் சிதறும். அதற்குள் தாழ்வாக நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று அடிக்கும், வேகம் கூடியதுபோல் தெரியும். அடுத்த சில நொடிகளில் அதே காற்று பின்னாலிருந்து அடிக்கும். வேகம் சரிந்து, விமானம் தரையை நோக்கி அமுங்கும்.

1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸில் டெல்டா நிறுவனத்தின் 191-ஆம் எண் விமானம் இப்படித்தான் விழுந்தது. 137 பேர் இறந்தார்கள். அந்த ஓடுதளம் பதினோராயிரம் அடிக்கும் மேல். அதைத் தொடுவதற்கு ஒரு மைலுக்கும் முன்பே விமானம் தரையில் மோதிவிட்டது. இன்னும் ஐயாயிரம் அடி நீட்டியிருந்தாலும் அந்த உயிர்கள் திரும்பியிருக்காது.

உங்கள் விமானி மூன்று சுற்றுச் சுற்றி மேகம் நகருமா என்று பார்த்தார். நகரவில்லை. எரிபொருள் கணக்கு எல்லையைத் தொடும் முன் கிளம்பினார். மாற்று விமான நிலையம் எது என்பது சென்னையில் புறப்படும் முன்பே தாளில் எழுதப்பட்டுவிடும், அங்கே போய்ச் சேரும் அளவுக்கு எரிபொருளும் ஏற்றப்படும். அதற்கும் மேல் 30 நிமிடம் பறக்கும் அளவு கடைசிக் கையிருப்பு. அந்த முப்பது நிமிடத்தைத் தொடும் நிலை வந்தால் அது அவசரநிலை. அன்று அந்த விமானத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, திருச்சி ஓடுதளத்தில் சக்கரம் பதிந்தது வரையில். அதற்குப் பிறகு நடந்தது பற்றி என்னிடமும் நல்ல வார்த்தை இல்லை.

மலைக்கோட்டைவாசி

கோபுரத்தார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திருச்சி ஓடுதளம் ஏதோ மைல் கணக்கில் நீளம் என்று எண்ண வேண்டாம், 8,136 அடிதான். உங்களுடையதைவிட அறுநூறு அடிக்குச் சற்று மேல். இந்த அறுநூறு அடியை வைத்தா திருச்சியில் வெளிநாட்டுப் பயணிகள் உள்நாட்டுப் பயணிகளைவிட அதிகமாக இருக்கிறார்கள்?

காரணம் காகிதத்தில் இருக்கிறது. ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளின் விமான நிறுவனங்கள் தங்குதடையின்றி வந்துபோக இந்தியா 18 சுற்றுலா நகரங்களைத் திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் திருச்சிராப்பள்ளி உண்டு, மதுரை இல்லை. அதனால்தான் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அந்த ஊர் விமானங்கள் இங்கே வரிசையாக இறங்குகின்றன. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் ஆண்டுக்கு 44.5 லட்சம் பேரைத் தாங்கும். பயணிகள் முதலில் வந்தார்கள், கட்டடம் பிறகு வந்தது. மதுரை நண்பர்கள் கட்டடத்தையும் ஓடுதளத்தையும் முதலில் கேட்கிறீர்கள்.

வைகைக்கரை

அம்மா நலம் ஐயா. மறுநாள் சர்க்கரை அளவு ஏறியிருந்தது, இப்போது சரி. கேட்டதற்கு நன்றி.

ஆனால் ஒன்று. கோழிக்கோட்டு விபத்தில் விமானம் ஓடுதளத்தின் முடிவைத் தாண்டித்தானே பள்ளத்தில் விழுந்தது? மழை, ஈரத்தரை, நீளம் போதவில்லை. ஈரமான தரையில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும் என்பது விமானம் ஓட்டாத எனக்கே தெரியும். அப்படியிருக்க நீளத்துக்குச் சம்பந்தமே இல்லை என்பதை எப்படி ஏற்பது?

மலைக்கோட்டையாருக்கு: பட்டியலில் பெயர் இல்லை என்பது எங்கள் குறையா? சிவகங்கைக்காரனும் ராமநாதபுரத்துக்காரனும் சிங்கப்பூருக்குப் போக உங்கள் ஊருக்கு வேன் பிடித்து வருகிறான். உங்கள் பயணிகள் கணக்கில் பாதி எங்கள் பக்கத்து ஆட்கள்.

மலைக்கோட்டைவாசி

பாதி என்பதற்குக் கணக்கு இருந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டால் "நிறையப் பேர்" என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

வைகைக்கரை

சரி. நிறையப் பேர்.

ஓய்வுபெற்ற கோபுரம்

கோழிக்கோட்டை நீங்களே எடுத்தது நல்லது.

2020 ஆகஸ்ட் 7. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 190 பேர். 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் அதில் அடக்கம். கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரின் ஓடுதளம் மலையுச்சியைச் சீவி மேசைபோல் அமைத்தது. அன்றைக்குப் பயன்படுத்திய திசையில் 8,858 அடி. மதுரையைவிட 1,300 அடிக்கும் மேல் நீளம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே எழும்பினார்கள். மறுமுனையிலிருந்து இரண்டாவது முயற்சி. பின்காற்று. விமானி பக்கத்துக் கண்ணாடியின் மழைத் துடைப்பான் சரியாக வேலை செய்யவில்லை. விமானம் தரையைத் தொட்டது ஓடுதளத்தின் தொடக்கத்திலிருந்து 4,438 அடியில். பாதி ஓடுதளம் காலுக்கடியில் போன பிறகு.

விசாரணை அறிக்கையை அச்செடுத்து மூன்று முறை படித்தேன். அதில் என்னை உறுத்தியது துடைப்பான் அல்ல. வேறு ஊருக்குப் போகப் போதுமான எரிபொருள் அந்த விமானத்தில் இருந்தது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து புறப்படும் விமானத்தையும் அதே தலைமை விமானிதான் ஓட்ட வேண்டியிருந்தது. எப்படியாவது கோழிக்கோட்டில் இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதலுக்கு அது ஒரு காரணம் என்று அறிக்கை சொல்கிறது. கோயம்புத்தூருக்கோ கொச்சிக்கோ திரும்பியிருந்தால் அந்தப் பயணிகளும் உங்களைப்போல் இரவெல்லாம் அலைந்து, விடியற்காலை வீடு சேர்ந்து, கோபமாக ஒரு கடிதம் எழுதியிருப்பார்கள்.

ஈரத்தரைக்குக் கூடுதல் தூரம் வேண்டும் என்பது சரியே. வறண்ட தரைக்குத் தேவையான தூரத்தோடு 15 சதவீதம் கூட்டிக் கணக்கிடுவது விதி. மதுரைக்கு வரும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகளுக்கு அதையும் கூட்டினாலும் 7,500 அடி போதும். போதாவிட்டால் மழைக்காலம் முழுக்க யாரும் அங்கே இறங்கியிருக்க முடியாது. நீளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் காற்று இலேசாகி இறக்கையின் தூக்கும் சக்தி குறையும்போது, நிறைய எரிபொருளோடு தூரப் பயணம் கிளம்பும் விமானத்துக்கு நீளம் வேண்டும். அகலமான பெரிய விமானத்துக்கு வேண்டும். செவ்வாய்க்கிழமை மின்னலுக்கு அது மருந்தல்ல.

மல்லிகைச்சந்தை

மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கிறேன். பயணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள், அதே விமானத்தின் வயிற்றில் போகும் சரக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மல்லிகை மொட்டைச் சூரியன் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். சாயங்காலம் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை வெளிநாட்டில் எவனும் வாங்க மாட்டான். மொட்டாகவே துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்ச்சேர வேண்டும் என்றால் காலையில் எடை போட்டு, தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பையோடு அடுக்கி, மூடி ஒட்டி, மதியத்துக்குள் விமான நிலையத்தில் சேர்க்க வேண்டும். விமானம் வரத் தாமதமானால் பெட்டிக்குள் சூடு ஏறும். திறந்து பார்க்காமலேயே வாசனையை வைத்துச் சொல்லிவிடுவேன், உள்ளே பூ விரிந்துவிட்டதா இல்லையா என்று. விரிந்த வாசனை வந்தால் அந்தப் பெட்டியின் கதை முடிந்தது. மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது ஒரு பெட்டி வீணானால் அந்த வாரமே நஷ்டம்.

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் மதுரையில் இறங்கும் விமானங்களின் வயிறு சிறியது. பயணிகளின் பெட்டி போக மிச்ச இடம்தான் எங்களுக்கு. இடம் இல்லாத நாளில் பூ வேன் ஏறித் திருச்சிக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ போகிறது. மதுரைப் பூ கொச்சியிலிருந்து கிளம்புவது எந்த ஊர் நியாயம்? பெரிய விமானம் வர வேண்டும், அதற்கு ஓடுதளம் நீள வேண்டும். நான் வைகைக்கரையார் பக்கம்.

உடைப்புக்காரன்

நான் சின்ன உடைப்பைச் சேர்ந்தவன். நீங்கள் எல்லோரும் அடிக் கணக்கில் பேசும் அந்த ஐயாயிரம் அடி எங்கள் ஊர்ப் பக்கம்தான் வருகிறது.

1942-இல் போர்க்காலத்தில் வெள்ளைக்காரர்களின் விமானப் படைக்காக உருவானது இந்த மதுரை விமான நிலையம். அதன் பிறகு விரிவாக்கம் விரிவாக்கம் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம். 2024 நவம்பரில் எங்கள் ஊர்க்காரர்கள் வீதியில் உட்கார்ந்தது உங்களில் பலருக்கு ஒரு நாள் செய்தி. வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது எங்கே குடியேற்றுவீர்கள் என்று கேட்டோம். மாற்று வீட்டு மனை, மறுவாழ்வு, பிள்ளைகளுக்கு வேலை, இவற்றைக் கொடுத்துவிட்டு நிலத்தை எடுங்கள் என்றோம். விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போனது.

மல்லிகைச்சந்தை அண்ணனுக்கு ஒரு கேள்வி. பெருங்குடி, வலையங்குளம் பக்கம் மல்லிகை போட்டவர்களை உங்களுக்குத் தெரியாதா? பூவை ஏற்றுமதி செய்ய ஓடுதளம் வேண்டும் என்கிறீர்கள். பூத்தோட்டத்தின் மேல் ஓடுதளம் போட்டால் எந்தப் பூவை ஏற்றுவீர்கள்?

மல்லிகைச்சந்தை

தம்பி, வலையங்குளத்துக்காரர்களிடம் இருபது வருடமாகப் பூ எடுக்கிறேன். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டை என்று பூ வரும் ஊர்கள் நிறைய உண்டு, அதனால் வலையங்குளம் போனால் போகட்டும் என்று சொல்லும் மனம் எனக்கு இல்லை. உரிய இழப்பீட்டையும் மனையையும் கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். எடுக்கவே கூடாது என்றால் அங்கே பிரிகிறேன்.

உடைப்புக்காரன்

எடுக்கவே கூடாது என்று நான் எழுதவில்லை அண்ணா. எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்கிறேன். மழைக்கு விமானம் இறங்கவில்லை, அதனால் ஓடுதளம் வேண்டும் என்று இந்தப் பேச்சு ஆரம்பித்தது. மழைக்கும் ஓடுதளத்துக்கும் சம்பந்தமில்லை என்று விஷயம் தெரிந்த ஐயா சொல்லிவிட்டார். பயணிகள் வரவில்லை என்றார்கள், அதற்குப் பட்டியல் காரணம் என்று திருச்சிக்காரர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு காரணமும் விழ விழ, நிலம் மட்டும் வேண்டும் என்பது விழவே இல்லை.

டிக்கெட் மேசை

பயண முகவர் தொழிலில் இருப்பவள். என் மேசையிலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

2018-19-இல் மதுரை 15 லட்சம் பயணிகளைத் தாண்டியது. பிறகு கொரோனா வந்து எல்லாம் படுத்தது, எழுந்து உட்கார வருடக்கணக்கில் ஆனது. 2024 அக்டோபர் 1 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. அந்த அறிவிப்பு வந்த அன்று எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தார்கள். இரவு முழுவதும் விமானம் வரும், வளைகுடாவுக்கு நடுநிசி சர்வீஸ் வரும் என்று நானும் நம்பினேன். கதவைத் திறந்து வைத்த வேகத்தில் விமானங்கள் வந்து நிற்கவில்லை. கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வர உரிமை இருப்பது வேறு. அமீரகத்து நிறுவனங்கள் எந்தெந்த இந்திய நகரங்களில் இறங்கலாம் என்பதை இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. அதில் மதுரை இல்லாதவரை அவர்களின் விமானம் மதுரை வானத்தைக் கடந்து போகுமே தவிர இறங்காது. கொழும்பிலிருந்து அந்த நாட்டு விமானம் வருகிறது என்றால் அந்த ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. மற்ற வெளிநாட்டு ஊர்களுக்கு நம் நாட்டு நிறுவனங்கள் மனம் வைத்தால்தான் உண்டு.

ஆகையால் ஓடுதளமா, ஒப்பந்தமா என்று கேட்டால், இன்றைக்கு ஒரு கையெழுத்தில் ஆகக்கூடியது ஒப்பந்தம். ஒரு வீடும் இடிய வேண்டியதில்லை. இப்போதுள்ள 7,500 அடியிலேயே துபாய்க்குப் போய்வரும் விமானம் ஓடுகிறதே.

செவ்வாய்க்கிழமை நடந்ததற்கும் ஒரு வார்த்தை. விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், இப்படிக் குறுகிய தூரப் பயணத்தில் உணவும் குடிக்கவும் கொடுப்பது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதி. வானிலை காரணம் என்றால் பண இழப்பீடு கிடைக்காது, அது உண்மை. ஆனால் வானிலையைக் காட்டிச் சாப்பாட்டையும் தட்டிக்கழிப்பது என் கண்ணில் முறையல்ல. புகாரில் இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள் ஐயா, நேரங்களோடு. எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்குக் கதவு திறந்தது, எத்தனை மணிக்குப் பஸ் வந்தது. அரசின் விமானப் புகார்த் தளமான ஏர்சேவாவிலும் அதே நேரங்களைப் பதியுங்கள்.

நெல்லைப் பயணி

தூத்துக்குடியை யாரும் எடுக்கவில்லையே. அந்த விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்தது, 3,115 மீட்டராக்கினார்கள். அடியில் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறந்தாயிற்று. மதுரையைவிட நீளம், திருச்சியைவிட நீளம். அதற்காக மறுநாளே பெரிய விமானங்கள் வந்து குவிந்தனவா? திறந்த வேளையிலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடிக்கொண்டிருந்தவை ஏடிஆர் போன்ற, விசிறி வைத்த சிறிய விமானங்கள்தான். நீளத்தைப் போட்டவுடன் பயணிகள் வருவார்கள் என்பதற்கு எங்கள் ஊர் இன்னும் சாட்சி சொல்லவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் எங்கள் ஊருக்குத் துரோகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்மழை பெய்து தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனபோது, வானத்திலிருந்து வந்து இறங்கும் இடம் எத்தனை முக்கியம் என்று பார்த்தோம். பயணிகள் கணக்கை மட்டும் வைத்து ஒரு விமான நிலையத்தின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. நாளைக்குப் பெரிய ராணுவ விமானம் நிவாரணத்தோடு வந்து இறங்க நீளமான ஓடுதளம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதே எனக்குத் தைரியம்.

வைகைக்கரை

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் தண்ணீரில் மூழ்கிச் சில நாள் மூடிக் கிடந்தபோது அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை ஓட்டினார்கள். 2023-இல் மிக்ஜாம், 2024-இல் ஃபெஞ்சல், மறுபடி மறுபடி சென்னை மூடியது. ஒவ்வொரு முறையும் அங்கே இறங்க வேண்டியவை வேறு ஊர்களுக்கு ஓடின. அகன்ற பெரிய விமானம் ஒன்று அவசரமாக ஓர் இடம் தேடினால் மதுரை அதைத் தாங்க வேண்டாமா? நம் ஊர் விமானம் திரும்பிப் போவதை மட்டும் பார்க்கிறோம், பிற ஊர் விமானம் நம்மிடம் அடைக்கலம் கேட்டு வரும் நாளைப் பார்க்கவில்லை.

என் முதல் பதிவின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். செவ்வாய்க்கிழமை ஓடுதளம் குற்றவாளி அல்ல. அந்த விமானிக்கு என் நன்றி. ஆனால் நீட்டிப்பு வேண்டும் என்பதை விடமாட்டேன்.

உடைப்புக்காரன்

அடைக்கலம் என்ற சொல்லை நீங்கள் எழுதியதால் கேட்கிறேன். வருடத்தில் ஏதோ ஒரு நாள் வரப்போகும் விமானத்துக்கு அடைக்கலம். இன்றைக்கு வீட்டில் இருப்பவனுக்கு?

வைகைக்கரை

அவனுக்கு முதலில். மனை கையில் வராமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று நானும் எழுதித் தருகிறேன். அதற்காகத் திட்டமே தவறு என்று சொல்ல மாட்டேன் தம்பி. சுற்றுச்சாலையைக் கீழே இறக்கி மேலே ஓடுதளம் போடும் வரைபடம் வரை வந்துவிட்டது. இதோடு நின்றுபோனால் என் பேரன் காலத்திலும் இதே பேச்சுதான்.

உடைப்புக்காரன்

எழுதித் தருகிறேன் என்பவர்கள் நிறையப் பேர் ஊருக்கு வந்து போயிருக்கிறார்கள் ஐயா. உங்களைத் தனியாகச் சொல்லவில்லை. நாம் இருவரும் இதில் ஒத்துப்போக மாட்டோம்.

மலைக்கோட்டைவாசி

கோபுரத்து ஐயாவிடம் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் இறக்கிவிட்ட விமானத்தில் ஏன் பயணிகளை இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள்? கதவைத் திறந்து முனையத்துக்குள் விட்டால் என்ன?

ஓய்வுபெற்ற கோபுரம்

அந்த இரண்டு மணி நேரத்தில் நிறுவனத்தின் மனக்கணக்கு ஒன்று ஓடுகிறது. மதுரையில் மேகம் கலைந்துவிட்டால் உடனே எரிபொருள் நிரப்பிக் கிளம்பிவிடலாம். பயணிகளை இறக்கிவிட்டால் மறுபடி பாதுகாப்புச் சோதனை, மறுபடி ஏற்றுவது, ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குள் விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துவிட்டால் அவர்கள் ஓட்டக் கூடாது, புது விமானிகள் வேண்டும், அந்த ஊரில் அவர்களுக்குத் தங்குமிடம் கிடையாது. ஆகவே "இன்னும் இருபது நிமிடம்." சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் எண்ணவில்லை. முதல் இருபது நிமிடம் உண்மையான நம்பிக்கை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறை சொல்லும்போது கதவைத் திறந்திருக்க வேண்டும்.

2024 ஜனவரியில் டெல்லி மூடுபனியில் ஒரு கோவா விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டு, பயணிகள் ஓடுதளத்துப் பக்கத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காட்சியை நாடே பார்த்தது. விமானப் பாதுகாப்புத் துறை இண்டிகோவுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, மும்பை விமான நிலையத்துக்கும் அபராதம் விழுந்தது. அதன் பிறகு, ஏறிய பயணிகள் நீண்ட தாமதத்தில் மாட்டிக்கொண்டால் புறப்பாட்டு வாயில் வழியாகவே வெளியேறலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். விமானத்தைத் திருப்புவதற்கு நம்மிடம் நல்ல விமானிகள் இருக்கிறார்கள். திருப்பிய பிறகு 180 பேரைப் பார்த்துக்கொள்ள இரவு ஒன்பது மணிக்கு அந்த ஊரில் நிறுவனத்துக்கு எத்தனை ஆள் என்பதுதான் கேள்வி. ஐயாயிரம் அடி நிலத்தைப் பற்றி இத்தனை பேர் பேசினோம். ஒரு படிக்கட்டு வண்டியும் நான்கு ஆட்களும் இருந்திருந்தால் அந்த அம்மா மேசையில் வைத்து நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

டிக்கெட் மேசை

இன்னொன்றும் சொல்கிறேன், சர்க்கரை நோயாளிகளுக்காக. இப்படி உட்கார வைத்தால் பசிக்கிறது என்று சொல்லாதீர்கள். "இன்சுலின் எடுப்பவர், இத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், மருத்துவ உதவி வேண்டும்" என்று பணிப்பெண்ணிடம் தெளிவாகச் சொல்லி விமானிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். மருத்துவம் என்ற சொல் காதில் விழுந்தால் வேலை நடக்கும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நடந்திருக்கிறது.

மல்லிகைச்சந்தை

கோபுரத்து ஐயா, சித்திரை, வைகாசியில் எந்த நேரத்து விமானத்துக்குப் பெட்டியைக் கொடுத்தால் பிரச்சினை குறைவு?

ஓய்வுபெற்ற கோபுரம்

காலை. கோடையில் மேற்குமலைப் பக்கத்து மேகம் மதியத்துக்கு மேல் திரண்டு, நான்கு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் மதுரையில் கொட்டும். ஐப்பசி மழைக்கு இந்தக் கணக்குச் செல்லாது, அது எந்த நேரமும் வரும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரை செல்லூர் வெள்ளமானதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வைகைக்கரையாரும் அடுத்த முறை அம்மாவை அழைத்து வரும்போது காலை விமானத்துக்குப் போடுங்கள்.

வைகைக்கரை

தங்கைக்கு வைகாசியில் பிரசவம். காலை விமானத்துக்கே போட்டுவிட்டேன். புளியோதரையும் கட்டிக்கொண்டுதான் போவேன் என்கிறார் அம்மா.